வாசிக்காமல் விட்ட பக்கம்

தம்பி,

அம்மாவின் இந்தக் கடிதத்தை நீ யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நீ விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் தட்டித்தட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையில் உள்ளதை உனக்கு வாசிக்கும் இந்தப் பேசும் மெஷினை எப்படி வாயடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் அது உரக்கச் சொல்கிறது. அது தமிழ் பேசுவதைக் கேட்டால், என் சின்ன வயதில் தோட்டத்துத் துரை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் ஆட்களிடம் தமிழ் பேசியது ஞாபகம் வருகிறது. சொல் சரியாக இருக்கும், குரல் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து வரும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. இப்போது வீட்டில் பேசுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் நிறுத்துவதற்கு வழி தேடுவதையும் விட்டுவிட்டேன்.

நீ கொழும்புக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். நாற்காலிகளை இன்னும் மேசைக்கடியில் தள்ளித்தான் வைக்கிறேன். வாளியை நடக்கிற வழியில் விடுவதில்லை. அலமாரிக் கதவைப் பாதி திறந்தபடி விடுவதில்லை. இனி இந்த வீட்டில் எதை எங்கே போட்டாலும் யாரும் தடுக்கி விழப்போவதில்லை, ஆனாலும் கை கேட்கமாட்டேன் என்கிறது. நேற்றுக் கடையில் பாண் சுற்றித் தந்த பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான், யாருக்கு வாசிக்கிறேன் என்று நினைவு வந்தது. மிச்சத்தை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

போன வருடம் உனக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றி நான் உன்னிடம் பொய் சொன்னேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கறிக்கு உப்புக் காணுமா, மழை வருமா என்று பேசியபடியே ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டோம். இப்படியே விட்டால், இனி நீ லீவில் வரும்போது நான் எதை வாசித்துக் காட்டினாலும் அதில் எந்த வரியை விட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டுதான் கேட்பாய். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வாயால் சொல்லவும் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தை வேறு யார் வாசித்தாலும் பரவாயில்லை. உன் கடிதங்களையெல்லாம் நான் பிரித்து வாசித்தேன். என் கடிதமும் பிரித்தே கிடக்கட்டும்.

உன் பெருவிரலிலிருந்து தொடங்குகிறேன். உனக்குப் பதினெட்டு முடிந்ததும் மாத்தளை டவுனில் வங்கிக் கணக்குத் திறக்கப் போனோமே, அந்த நாள். அதற்கு முன் ஒரு மாதமாக நீ கையெழுத்துப் பழகினாய். பால்மாப் பெட்டியின் அட்டையில் பிளேடால் ஒரு சின்னச் சன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதைத் தாளின்மேல் வைத்து, அந்தச் சன்னலுக்குள் உன் பெயரின் முதல் எழுத்தையும் அப்பாவின் பெயரையும் வளைத்து வளைத்து எழுதினாய். மேலே ஏறினால் அட்டை தடுக்கும், கீழே இறங்கினாலும் தடுக்கும். கடைசியில் என் கையெழுத்தைவிட உன்னுடையது நேராக இருந்தது. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

கவுன்டரில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். தன் மகளும் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள் என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு உன்னைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "டீச்சர், மகன் சைன் வைப்பாரா?"

"வைப்பேன் சேர்" என்று நீ சொன்னாய். அட்டையை எடுத்து ஒரு துண்டுத் தாளில் போட்டும் காட்டினாய்.

"அழகா இரிக்கி. ஆனா ஒவ்வொரு தடவையும் இப்பிடியே வரோணுமே, டீச்சர். பெருவிரல் வச்சா ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க கூட்டுக் கணக்கா சேந்து, சாட்சிக்கு ஒரு சைன் வச்சிருங்க. அவருக்குத்தான் பாதுகாப்பு."

நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாய். தம்பி, நான் பட்டதாரி. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஆனால் நான்கு வருடம் கடைசி வாங்கில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் பட்டம் வாங்கியவள். என் பேச்சைக் கேட்டுத் தோட்டத்துத் தமிழ் என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவே மாட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நான் இன்னும் தலையைத்தான் ஆட்டுவேன். அன்றைக்கும் ஆட்டினேன். உன் கையைப் பிடித்து, பெருவிரலை விரித்து, ஊதா மைப் பெட்டியில் நானே அழுத்தினேன். பிறகு அதைத் தாளிலும் நானே உருட்டினேன்.

என் அப்பா வாழ்நாள் முழுக்கத் தோட்டத்துச் சம்பளப் புத்தகமான செக்ரோலில் கைநாட்டு வைத்தவர். சம்பள நாளில் ஊதா விரலோடுதான் வீட்டுக்கு வருவார். அந்த விரலால் என் கன்னத்தைத் தொடமாட்டார், மற்றக் கையால்தான் தொடுவார். நான் ஸ்கொலர்ஷிப் பாரத்தில் கையெழுத்துப் போட்டபோது, அதைப் பார்க்க லயத்தில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அவரோடு தொலைந்துபோன மையை நான் உன் விரலில் பூசினேன். வெளியே வந்ததும் தேங்காயெண்ணெய் வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டேன். "போயிருச்சாம்மா?" என்று கேட்டாய். போய்விட்டது என்றேன். நக இடுக்கில் இரண்டு நாள் இருந்தது. நான் உன்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு புத்தி சொல்ல வேண்டும். உன் கையை யாராவது பிடித்து ஒரு தாளின்மேல் வைத்தால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், முதலில் கையை இழுத்துக்கொள். அதன் பிறகு அது என்ன தாள் என்று கேள். கேட்டுவிட்டு இழுக்கலாம் என்று இருந்தால் அதற்குள் மை பட்டுவிடும்.

கணக்குத் திறந்த பிறகு வங்கியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கடிதம் வரும். அதையும் நான்தான் வாசிப்பேன். பார்வையற்றோர் பள்ளி விடுதியிலிருந்து நீ நிரந்தரமாக வீட்டுக்கு வந்தபின் எல்லாமே என் வாய் வழியாகத்தான் உனக்கு வந்தது. உயர்தரப் பாடப்புத்தகம், பத்திரிகை, மருந்துப் போத்தலின் லேபிள், உன் நண்பன் எழுதிய கடிதம், அதில் அவன் என்னைக் கேலி செய்திருந்த வரியும்கூட. அதை வாசித்து நாம் எவ்வளவு சிரித்தோம். பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு மழைக்காலத்தில் நீ எனக்குப் பிரெய்லி சொல்லித்தருகிறேன் என்றாய். என் விரல் தடித்துப்போச்சு, புள்ளி தட்டுப்படாது என்றேன். விரலுக்கு ஒன்றும் இல்லை. நான் பிரெய்லி படித்தால் எழுதித் தந்துவிட வேண்டியிருக்கும். எழுதித் தந்தால் நீ தனியாகவே வாசித்துவிடுவாய். பள்ளிவிட்டு வந்து தேத்தண்ணியோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நான் அந்த நாட்களில் எழுந்து வேலைக்குப் போனேன்.

இனி உன் அப்பாவின் கதை. உனக்குக் கொஞ்சம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் மாத்தளையில் மிளகு, கறுவா ஏற்றும் ஸ்டோரில் கிளார்க். உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சரக்கு லொறியோடு கொழும்புக்குப் போனார். ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஆமிக்காரன் கையைத் தூக்கினான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும்தான் தூக்கினான். அப்பா லொறி டிரைவரிடம் பேசிக்கொண்டே வந்ததில் இரண்டு அடி கூடுதலாக எடுத்து வைத்துவிட்டார். அந்த இரண்டு அடிக்கு இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்தவரிடம் நான் எத்தனையோ கேட்டேன். "கையத் தூக்குனத நான் பாக்கலடி" என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு நாலு வருடம்தான் இருந்தார். அந்த நாலு வருடமும் நாலந்தாவைத் தாண்டி அந்தப் பக்கமும், கண்டியைத் தாண்டி இந்தப் பக்கமும் அவர் போனதே இல்லை.

கண் தெரிந்த மனிதன் பார்க்காமல் விட்ட கையை நீ எப்படிப் பார்ப்பாய்? உன்னைப் பற்றி நினைக்கும் ஒவ்வொரு தடவையும் என் மனதில் அந்தக் கைதான் வரும்.

அப்படியிருந்தும், போன வருடத் தொடக்கத்தில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று நீ கேட்டபோது நான் மறுக்காமல் நிரப்பிக் கொடுத்தேன். பார்வையற்றவர்களுக்குக் கொழும்பில் ஒரு வருடக் கம்ப்யூட்டர் பயிற்சி, முடித்தால் வேலை. மலைநாட்டிலிருந்து எடுக்கமாட்டார்கள் என்று நம்பினேன். வங்கிக் கணக்கு எண் கேட்டிருந்த இடத்தில் உன் எண்ணை என் கையால் எழுதினேன். மாசி மாதம் பதில் வந்தது. அந்த வாரம்தான் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் புத்தகப் பைகளைக்கூடத் திறந்து பார்த்தார்கள். சைக்கிள் மணி கேட்டு நான் வாசலுக்குப் போனேன். நீ பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தாய். உறையைப் பிரித்தேன். தெரிவாகியிருக்கிறீர்கள், கொழும்பு, தேதி, பயணச் செலவைக் கணக்கில் போட்டிருக்கிறோம் என்றிருந்தது. அந்த அளவுக்குத்தான் வாசித்தேன். பிறகு எழுத்துக்கு மேலே அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. தாளை மடித்து, என் பட்டச் சான்றிதழ் இருக்கும் உறைக்குள் வைத்தேன். இந்த வீட்டில் உன் கை போகாத இடம் அது ஒன்றுதான்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "லெட்டர் வந்திச்சாம்மா?" என்று கேட்டாய். வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டாய். சித்திரை வரைக்கும் கேட்டாய். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். நீ கேட்பதை நிறுத்திய அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வங்கிக் கடிதத்தில் அந்தப் பயணச் செலவும் ஒரு வரியாக வந்திருந்தது. நான் வாசிக்கும்போது அந்த வரியைத் தாண்டினேன். மொத்தத்தைச் சொல்லும்போது அதைக் கழித்துச் சொன்னேன். நீ மனக்கணக்கில் கெட்டிக்காரன், பிடித்துவிடுவாய் என்று முன்கூட்டியே கழித்து வைத்திருந்தேன். பெற்ற பிள்ளையின் கணக்கில் இருப்பதைக் குறைத்துச் சொல்லி, ஒரு சதமும் எடுக்காத திருடி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வருடக் கடைசியில்தான் உனக்கு இன்டர்நெட்டில் வங்கி பார்க்கும் யோசனை வந்தது. விடுதி நண்பர்கள் சேர்ந்து கொடுத்த பழைய கம்ப்யூட்டர், தொலைபேசி வயர், காதில் ஹெட்போன். வங்கியின் பக்கத்தைத் திறந்தால், உள்ளே போக ஒரு படத்தில் கோணல் மாணலாக எழுத்துக்கள் இருக்கும், அதைப் பார்த்து அடிக்க வேண்டும். மெஷின் அதைப் படம் என்று மட்டும் சொல்லும். பிறகு இலக்கங்கள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறும் ஒரு பலகை. அதற்கு மெஷின் பட்டன், பட்டன், பட்டன் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு நிற்கும். நான் பக்கத்தில் வந்து, நான் பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நிமிஷ வேலை என்றேன்.

"நீங்க பாத்து அமத்துனா அது ஒங்க கணக்கும்மா" என்றாய். கோபம் இல்லாமல்தான் சொன்னாய்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாய். அந்தப் பக்கம் பேசிய பெண், வீட்டில் பார்வை உள்ள யாரையாவது உதவிக்குக் கூப்பிடச் சொன்னாள். நீ சிங்களத்தில், மிஸ், உங்கள் கார்ட்டின் ரகசிய இலக்கத்தை உங்கள் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாய். அவள் சிரித்துவிட்டாள் என்று பிறகு சொன்னாய். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவள் உன்னைக் கம்ப்யூட்டர் பகுதியில் இருந்த இன்னொரு பெண்ணிடம் மாற்றிவிட்டாள். இரண்டு மூன்று மாதம், பின்னேரங்களில், அவள் அங்கே அந்த இன்டர்நெட் பக்கத்தில் ஒன்றை மாற்றுவாள், மெஷின் இப்போது என்ன சொல்கிறது என்று நீ இங்கிருந்து சொல்வாய். பத்துப் பட்டன்களுக்கும் பெயர் வந்தது. கோணல் எழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் காதால் கேட்கும் வழி வந்தது. நான் குசினியில் சமைத்தபடி உன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். யாரென்றே தெரியாத அந்தப் பெண்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் உனக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை, நீயே வாசிக்க வழி செய்தாள். என்னைவிட அவள் உனக்குச் செய்தது பெரிது என்று அப்போதே புரிந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக மாற்றினால்தான் இன்டர்நெட் வசதி தருவார்கள் என்றதும், நீ மறுபடி அதே கிளைக்குப் போனாய். நானும் வந்தேன், ஆனால் என்னை வெளி வாங்கில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாய். நடந்ததை நீ திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைப்போலவே பேசிக் காட்டினாய். அதே உத்தியோகத்தர். நீ அட்டையை வைத்து ஒரு தாளில் ஐந்து தடவை கையெழுத்துப் போட்டு நீட்டினாயாம். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "என்ட சைனே இப்பிடி ஒரே மாதிரி வாரல்ல, மகன்" என்றாராம். மனேஜரிடம் அவரே தாளைத் தூக்கிக்கொண்டு போனாராம். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில், அன்றைக்கு நான் வாய் திறந்து ஐந்து தடவை போட்டுக் காட்டச் சொல்லியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றியது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை உள்ளே போய்விட்டாய். ரகசியச் சொல்லை நீ அடிக்க அடிக்க மெஷின் ஸ்டார், ஸ்டார் என்றது. அன்றைக்கு நீ ஹெட்போனை இன்னும் மாட்டவில்லை. பதினொரு ஸ்டார் என்று எண்ணினேன். அப்பாவின் பெயராக இருக்குமோ என்று இன்றைக்கும் சில வேளை யோசிப்பேன். அதை எனக்கு ஒருநாளும் சொல்லாதே. நாளைக்கு வரப்போகிறவளிடமும் சொல்லாதே. உனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உன்னிடம் இருக்கட்டும். அப்படி ஒன்று உனக்கு இல்லாமல் வளர்த்தவள் சொல்கிறேன்.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். கடைசிப் பத்து வரவு செலவை அது வாசிக்கும் என்று சொன்னாய். அடிக்கடி பணம் போகிற வருகிற கணக்கா அது? கடைசிப் பத்து என்றால் அது போன வருடத்துக்குள் போய்விடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாய்.

"ம்மா, போன வருஷம் மாசியில யாரோ பஸ் காசு போட்டிருக்காங்க."

"யாரு?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாய். பிறகு கேட்டாய்: "அவங்க லெட்டர் வரலதானே?"

தம்பி, நீ எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாய். அது எனக்குப் புரிந்தது. என் கையில் கத்தி இருந்தது, போஞ்சி இருந்தது, வாயில் ஒரு பதில்தான் இருந்தது. "வரல" என்றேன்.

"சரிம்மா" என்று ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாய். கடிதம் வரவில்லை என்று முதலில் பயத்தில் சொன்னேன். இந்தத் தடவை, பிடிபட்ட பிறகு, உன் முகத்துக்கு நேரே சொன்னேன். இத்தனை வரியும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அந்த மெஷினில் நீ முதன்முதலாகச் செய்த காரியம், அந்தப் பயணச் செலவைத் திருப்பி அனுப்பியதுதான். சாட்சி இல்லை, மை இல்லை, நானும் இல்லை. கூடவே ஒரு மின்னஞ்சல் எழுதினாய். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தபோது ஹெட்போனின் வயரை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, அறைக்கே கேட்கும்படி வாசிக்க விட்டாய். உங்கள் கடிதம் என் கைக்கு வரவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய் என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பொய்யும் இல்லாத வரி. என்னையும் அதில் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தக் காலத்தில் தபால் தவறிப்போவது சகஜம், வருந்துகிறோம், அடுத்த பயிற்சிக்கு வாருங்கள் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். நம் தபால்காரர் இத்தனை வருடத்தில் ஒரு கடிதத்தையும் தவறவிட்டவர் இல்லை. இப்போதும் அவர் சைக்கிள் மணி கேட்டால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

உன்னோடு விண்ணப்பித்த உன் விடுதி நண்பன் பயிற்சி முடித்து, வேலைக்கும் போய்விட்டான். நீ ஒரு வருடத்துக்கு மேல் இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அதை எந்தக் கணக்கிலிருந்தும் எடுத்து உனக்குத் திருப்பித் தர என்னால் முடியாது.

வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். டவுனில் பட்டாசு வெடித்தது. நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ மெஷினில் கொழும்புக்குப் போகும் பஸ்களின் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். போகும் அன்று காலை ஸ்டாண்டில், கண்டக்டர் உன் கையைப் பிடித்து ஏற்ற வந்தார். நீ உன் கையை இழுத்துக்கொண்டு, பிறகு நீயாக அவர் தோளில் கை வைத்து ஏறினாய். அதை நான் சொல்லித்தரவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து, "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுறேன். யாருக்கிட்டயும் குடுக்காம நீங்களே வாசிங்கம்மா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

சாவடிகள் இன்னும் இருக்கின்றன. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நட. சப்பாத்துச் சத்தம் கேட்டால் நின்றுவிடு, யாரும் கையைத் தூக்கியிருக்காவிட்டாலும் பரவாயில்லை. முக்கியமான தாளை ஒருவரிடம் மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, இரண்டு பேரிடம் கொடு. இரண்டாவது ஆள் உன்மேல் அவ்வளவு பாசம் இல்லாத ஒருவராக இருக்கட்டும்.

நீ போன மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தைச் சான்றிதழ் உறையிலிருந்து எடுத்தேன். கிழித்துவிடத்தான் எடுத்தேன். எடுத்த பிறகுதான் பார்த்தேன், தாளின் பின்பக்கத்திலும் எழுத்து இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக என் அலமாரியில் இருந்த தாளை நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. ஆயிரம் தாள்களை உனக்கு வாசித்தவள், இந்த ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் இருந்தது உனக்கு இப்போது தெரியும். பின்பக்கத்தை இதோ வாசிக்கிறேன். என் குரலில் கேட்கத் தேவையில்லை, உன் மெஷின் துரை வாசிக்கட்டும்.

"புறக்கோட்டை பஸ் நிலையத்தில் எங்கள் வாகனம் காத்திருக்கும். தனியாக நடக்க வேண்டியதில்லை. கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவை நாங்களே செய்து தருவோம். சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்கு ஒரு கடிதமும் தருவோம். வீட்டார் பயப்படுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். விரும்பினால் தாயோ தந்தையோ முதல் இரண்டு வாரமும் உங்களோடு வந்து தங்கலாம். அவருக்கும் ஒரு கட்டில் இருக்கிறது. இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுபவருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்."

அதற்குக் கீழே ஒரு கையெழுத்து இருக்கிறது, யாருடையது என்று விளங்கவில்லை. அவ்வளவுதான், தம்பி. ஒரு வரியும் விடவில்லை.

அம்மா